கத்தரிக்கோல் யார் கையில்? போர் அகதிச் சிறாரும் ஒட்டுச்சித்திரக் கலையும்

போராலும் வன்முறையாலும் துன்புறுத்தலாலும் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டின் இறுதியில் 12 கோடியே 32 லட்சமாக இருந்தது என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பதினெட்டு வயது நிரம்பாத சிறார். உலக மக்கள்தொகையில் சிறாரின் பங்கு 30 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவே என்பதை நோக்கினால், இடப்பெயர்வின் சுமை அவர்கள்மேல் அளவுக்கு மீறி விழுந்திருப்பது விளங்கும். ஆயினும் கோடிக்கணக்கில் சொல்லப்படும் எண் படிப்பவர் மனத்தில் நெடுநேரம் நிற்பதில்லை என்பதால், இச்சிறாரின் நிலையை உலகுக்கு எடுத்துச்சொல்ல முனைந்தோர் நெடுங்காலமாகப் படங்களையே பெரிதும் நம்பிவந்துள்ளனர். அப்படங்களுள் ஒட்டுச்சித்திரம் எனப்படும் வகைக்குத் தனியொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றுக்குள் இரு வேறு மரபுகள் கலந்து கிடக்கின்றன. போரில் சிக்கிய சிறாரைப் பற்றிப் பெரியவர்கள் வெட்டி ஒட்டியது ஒன்று. அச்சிறாரே வெட்டி ஒட்டியது மற்றொன்று. முன்னது புகழ் பெற்றது. பின்னது பயன் மிக்கது.

ஒட்டுச்சித்திரம் என்பது, ஏற்கெனவே வேறொரு பயன்பாட்டுக்காக உருவான காகிதம், துணி, ஒளிப்படம், செய்தித்தாள் துணுக்கு முதலியவற்றை வெட்டியோ கிழித்தோ எடுத்து, ஒரு பரப்பின்மேல் ஒட்டிப் புதியதோர் அமைப்பை ஆக்கும் கலையாகும். கொலாஜ் என்ற பிரெஞ்சுப் பெயராலேயே பலரும் இதை அறிவர். ஒளிப்படங்களை மட்டும் கொண்டு இவ்வாறு செய்வதை ஒளிப்பட ஒட்டு என்று பிரித்துச் சொல்வதுண்டு. ஒட்டப்பட்ட துணுக்கு தான் வந்த இடத்தின் அடையாளத்தை இழப்பதில்லை என்பதும், அதன் வெட்டு விளிம்பு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதும் இக்கலையின் தனித்தன்மைகள். பிறந்த மண்ணிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டு வேறொரு மண்ணில் பொருத்தப்பட்ட வாழ்க்கையைச் சொல்ல இது வாய்ப்பான வடிவமாக அமைந்ததற்கு இந்த விளிம்பே காரணம் என்று கலை விமர்சகர்கள் கூறுவர். அது அழகான விளக்கம்தான் எனினும், அதனினும் எளிய காரணம் ஒன்று உண்டு: ஓடிவந்தவர்களிடம் வண்ணமும் கித்தானும் இருப்பதில்லை, பழைய காகிதம் எங்கும் கிடைக்கும்.

நவீன ஒட்டுச்சித்திரம் தோன்றிய காலமே போர்க்காலம்தான். 1912ஆம் ஆண்டின் முற்பகுதியில் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலிப் பின்னலின் உருவம் அச்சிட்ட எண்ணெய்த் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக் சுவரொட்டுக் காகிதத்தை ஒட்டினார். அக்டோபரில் முதல் பால்கன் போர் மூண்டது. லட்சக்கணக்கான மக்கள் ஊர்களைவிட்டு ஓடினர். நவம்பரில் பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் பலவற்றில் அப்போர்ச் செய்திகள் காணப்படுகின்றன. கிதாரும் கோப்பையும் உள்ள ஒரு மேசைக்காட்சியில் போர் மூண்டதைச் சொல்லும் தலைப்பெழுத்துகள் இடம்பெற்றிருப்பதை வெறும் வடிவ விளையாட்டு என்று கொள்வோரும் உளர். போர்ச் செய்தி வீட்டு மேசைக்கு வந்துசேர்ந்ததன் பதிவு என்று கொள்வோரும் உளர். இரண்டாவது கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அகதியாகவே வாழ்ந்த ஒட்டுச்சித்திரக் கலைஞர்களும் இருந்தனர். பேருந்துச் சீட்டு, மிட்டாய் உறை, உடைந்த மரத்துண்டு ஆகியவற்றால் படம் செய்த ஜெர்மானியர் குர்ட் ஷ்விட்டர்ஸ் 1937இல் நார்வேக்கும், 1940இல் அங்கிருந்து பிரிட்டனுக்கும் தப்பிச் சென்றார்; நாஜிகளிடமிருந்து ஓடிவந்த அவரைப் பிரிட்டிஷ் அரசு எதிரிநாட்டவர் என்று கூறி மேன் தீவிலிருந்த ஹட்சின்சன் முகாமில் அடைத்துவைத்தது. முகாமில் அவர் தரைவிரிப்புத் துண்டுகளையும் பொட்டலக் காகிதங்களையும் விட்டுவைக்கவில்லை. காலை உணவாகத் தரப்பட்ட ஓட்ஸ் கஞ்சியைக்கூடச் சேர்த்துவைத்துச் சிற்பம் செய்தார் என்பதும், அது பூஞ்சை பிடித்து நாறியது என்பதும் உடனிருந்தோர் சொல்லிவைத்த செய்திகள்.

போரில் சிக்கிய குழந்தையின் படத்தை வெட்டி ஒட்டிப் பொதுமக்களின் மனச்சான்றைத் தொடும் முயற்சி ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது பெரிய அளவில் நடந்தது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினின் ஹன்னா ஹோஹ், ஜான் ஹார்ட்ஃபீல்ட் போன்றோர் வளர்த்தெடுத்த ஒளிப்பட ஒட்டு முறையை ஸ்பானியக் குடியரசு அரசின் பரப்புரைப் பிரிவு கையிலெடுத்து, மாட்ரிட் பகுதியில் குண்டுவீச்சில் இறந்த ஒரு சிறுமியின் முகத்தையும் அணிவகுத்துப் பறக்கும் போர்விமானங்களையும் ஒரே தாளில் இணைத்துச் சுவரொட்டியாக அச்சிட்டது. இன்று இதைப் பொறுத்துக்கொண்டால் நாளை உங்கள் பிள்ளைகளுக்கும் இதுவே நேரும் என்ற பொருள்பட அமைந்த அதன் வாசகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. பார்க்க வேண்டியவர்கள் ஸ்பானியரைவிட அயல்நாட்டாரே என்பது அதனால் தெளிவாகிறது.

அந்த அயல்நாட்டார் செய்ததையும் சொல்ல வேண்டும். 1937ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், ஏறத்தாழ நாலாயிரம் பாஸ்க் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஹபானா என்னும் கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தை அடைந்தது. அரசுப் பணம் ஒரு காசும் செலவிடப்படாது, குழந்தை ஒன்றுக்கு வாரம் பத்து ஷில்லிங் வீதம் தொண்டர்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில்தான் பிரிட்டன் அவர்களை உள்ளே விட்டது. ஆகவே சுவரொட்டி, கண்காட்சி, துண்டறிக்கை என்று மக்கள் பார்வையில் படும் எதுவும் அக்குழந்தைகளுக்குச் சோறாக மாற வேண்டியிருந்தது. 1938இல், ஸ்பானிய அகதிக் குழந்தைகள் தாமே வரைந்த அறுபது படங்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் முன்னுரையோடு நூலாக வெளிவந்ததும் இத்தகையதொரு முயற்சியே. இறந்த சிறுமியின் முகத்தை ஒட்டிய சுவரொட்டியும் உயிரோடிருந்த சிறார் வரைந்த படத்தொகுப்பும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஒரே போரிலிருந்து பிறந்தன என்பது, மேலே சொன்ன இரு மரபுகளும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதைக் காட்டும்.

பெரியவர்களின் மரபில் அடுத்து நிற்பவர் அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர். ஏறத்தாழ 1967 முதல் 1972 வரை அவர் செய்த தொடரில், லைஃப் இதழில் வெளிவந்த வியட்நாம் போர்ப் படங்களும், வீட்டு அலங்கார இதழ்களில் வெளிவந்த பளபளப்பான வரவேற்பறைப் படங்களும் ஒன்றாகப் பொருந்தியிருக்கின்றன. அத்தொடரின் ஒரு படத்தில், பலூன்கள் குவிந்து கிடக்கும் அமெரிக்க வீடொன்றின் மாடிப்படியில், காயமுற்ற குழந்தையை ஏந்திய ஒருவர் ஏறி வருகிறார். போர்ச் செய்தியும் அலங்காரக் குறிப்பும் ஒரே வீட்டின் ஒரே மேசைக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தவை. அவற்றை வெவ்வேறு உலகங்களாகப் பார்க்கும் பழக்கத்தையே ராஸ்லர் வெட்டினார். இப்படங்கள் முதலில் கலைக்கூடங்களுக்குச் செல்லவில்லை. போர் எதிர்ப்புக் கூட்டங்களில் நகலெடுத்த துண்டுத்தாள்களாகவும் சிற்றிதழ்ப் பக்கங்களாகவும் கைமாறின. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது, 2004இலும் 2008இலும், அவர் அதே முறைக்குத் திரும்பினார்.

இன்று இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டிருப்பவர் துருக்கியைச் சேர்ந்த உவுர் கல்லென்குஷ். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், ஐரோப்பாவுக்குத் தப்பிச் செல்ல முயன்ற சிரியக் குடும்பம் ஒன்றின் இரண்டு வயது மகனது உடல் துருக்கியின் போட்ரம் கடற்கரையில் ஒதுங்கியபோது, நிலூஃபர் தெமிர் என்னும் செய்தி ஒளிப்படக்காரர் எடுத்த படம் சில மணி நேரத்தில் உலகைச் சுற்றியது. அந்தப் படமே தம்மை இவ்வேலைக்குத் தூண்டியது என்று கல்லென்குஷ் கூறியிருக்கிறார். அவருடைய முறை எளியது: ஒரு பாதியில் போர்நிலத்துச் செய்திப்படம், மறுபாதியில் அமைதியான நாட்டின் அன்றாடப் படம், இரண்டின் உருவக் கோடுகளும் ஒன்றையொன்று தொடுமாறு நடுவே ஒரே வெட்டு. இடிபாட்டில் நிற்கும் சிறுமியின் தோள் பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் தோளாகத் தொடரும். ஒரு குழந்தையின் கூடாரம் இன்னொரு குழந்தையின் விளையாட்டு வீடாக மாறும். குழந்தைகளை மட்டும் பொருளாகக் கொண்ட அவரது படத்தொகுப்பு 2020இல் நூலாக வந்தது. கைபேசித் திரையில் விரல் நகர்த்தும் வேகத்திலேயே ஒருவரை நிறுத்திவிடக் கூடிய ஆற்றல் இப்படங்களுக்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

ஆனால் நிறுத்திய பிறகு நிகழ்வது என்ன? கடற்கரையில் கிடந்த சிறுவனின் படம் வெளியான பின் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சிரிய அகதிகளுக்காக வந்த நன்கொடைகளை, உளவியலாளர் பால் ஸ்லோவிக் தலைமையிலான ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். படம் வந்த வாரத்தில் நாள்தோறும் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் அந்த எழுச்சி பெரும்பாலும் அடங்கிவிட்டது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டுப் போகாமல் மாதந்தோறும் தருவதாக அந்த நாட்களில் புதிதாகப் பதிந்துகொண்டவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழப் பத்து மடங்காகியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடுத்த சில மாதங்களில் விலகவில்லை. படம் எழுப்பும் இரக்கம் விரைவில் வற்றுவது. அது வற்றுமுன் நீடித்த கடமை ஒன்றுக்குள் மக்களை அழைத்துச் செல்லும் வழி திறந்திருந்தால் மட்டுமே விழிப்புணர்வு என்ற சொல்லுக்குப் பொருளுண்டு.

பெரியவர்களின் மரபில் வேறொரு குறையும் உண்டு. பாதிக்குப் பாதி ஒட்டிய படத்தில் போர்நிலத்துக் குழந்தை எப்போதும் அழுதுகொண்டும் குருதி சிந்திக்கொண்டும் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் பிடித்த பாட்டு, பிடிக்காத பாடம், அண்ணனோடு சண்டை ஆகியவை உண்டு என்பதற்கு அங்கே இடமில்லை. செய்திப்படத்துக்காக ஒருமுறை பிடிக்கப்பட்ட அக்குழந்தையின் உருவம் ஒட்டுச்சித்திரத்துக்காக மறுமுறை வெட்டப்படுகிறது. இரண்டு முறையும் அக்குழந்தையிடம் எவரும் கேட்பதில்லை. உலகம் அமைதியான பாதி, அழிந்த பாதி என்று நேர்க்கோட்டில் பிரிந்திருப்பதாக இப்படங்கள் தரும் தோற்றமும் முழு உண்மையன்று. அமைதியான நாடுகள் விற்ற ஆயுதங்களே பல இடங்களில் அழிவைச் செய்கின்றன. அழிந்ததாகக் காட்டப்படும் நாட்டிலும் திருமணங்கள் நடக்கின்றன, பள்ளிகள் திறக்கின்றன.

சிறாரே கத்தரிக்கோலைக் கையிலெடுத்த மரபுக்கு, ஆவணங்களோடு நன்கு அறியக் கிடைக்கும் எடுத்துக்காட்டு இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசின் நகரில் இருக்கிறது. அதன் நடுநாயகமாக விளங்கிய ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், வியப்புக்குரிய வகையில், இரு மரபுகளிலும் உழைத்தவர். 1898இல் வியன்னாவில் பிறந்த அவர், கலையையும் கைவினையையும் ஒருசேரக் கற்பித்த பௌஹவுஸ் பள்ளியில் யோஹன்னஸ் இட்டனிடம் பயின்றார். ஒரு பொருளின் வழவழப்பு, சொரசொரப்பு, கனம், ஒளி ஆகியவற்றைக் கையால் தொட்டு உணர்ந்து, வெவ்வேறு பொருட்களை அருகருகே ஒட்டி அவற்றின் முரண்களை அறிவது இட்டனின் பயிற்சிகளுள் ஒன்று. 1930களின் தொடக்கத்தில் டிக்கர், இடதுசாரி இயக்கத்துக்காக ஒளிப்பட ஒட்டுச் சுவரொட்டிகள் செய்தார். அவற்றுள் ஒன்றில், படைவீரர்களும் ஹிட்லரும் நெருக்கடியான கூட்டமும் சூழ, இவ்வுலகுக்குப் புதிதாக வந்த ஒரு குழந்தை வாய்விட்டு அழுகிறது. 1934இல் வியன்னாவில் கைதாகிச் சிறையிலிருந்து வெளிவந்தபின் அவர் பிராக் நகருக்குச் சென்று தாமே அகதியானார். அங்கே, ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கத் தொடங்கினார்.

பாலஸ்தீனத்துக்குப் போய்விடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. கணவர் பாவெல் பிராண்டைஸை விட்டுச் செல்ல மனமின்றி அதை மறுத்தார். 1942 டிசம்பரில் இருவரும் தெரேசினுக்கு நாடுகடத்தப்பட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் படைக்கோட்டையாகக் கட்டப்பட்ட அச்சிறு நகரம் 1941 இறுதியிலிருந்து யூதர்களை அடைத்துவைக்கும் சேரியாகவும், கிழக்கேயுள்ள கொலைமுகாம்களுக்கு அனுப்பும் இடைத்தங்கலாகவும் பயன்பட்டது. அங்கே இருந்தவர்களை அகதிகள் என்பது சட்டப்படி பொருந்தாது; அவர்கள் கைதிகள். எனினும் அவர்களோடிருந்த பிள்ளைகளுள் பலர் ஏற்கெனவே ஒருமுறையோ இருமுறையோ வீடிழந்து ஓடியவர்கள். ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டைக்கே அனுமதி இருந்த நிலையில், டிக்கர் அதன் பெரும்பகுதியைத் தாளும் வண்ணமுமாக நிரப்பிக்கொண்டு வந்தார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர்.

தெரேசினில் பிள்ளைகளுக்குப் பள்ளிப்பாடம் சொல்லித்தரத் தடை இருந்தது. பாட்டு, கைவேலை, ஓவியம் ஆகியவற்றுக்கு இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் டிக்கரின் வகுப்புகள் நடந்தன. கொண்டுவந்த தாள் தீர்ந்தபின், கட்டங்களும் வரிசைகளும் அச்சிட்ட பழைய அலுவலகப் படிவங்கள், பொட்டலம் கட்டிய காகிதம், அட்டைத் துண்டு என்று கைக்குக் கிடைத்தவை யாவும் பயன்பட்டன. ஆட்களையும் பொருட்களையும் கணக்கெடுக்க அச்சடித்த தாளின்மேல் ஒரு சிறுமி கிழித்த காகிதத்தால் மலையும் மரமும் வீடும் ஒட்டியிருப்பதை இன்று காண்பவர், படத்தினூடே அந்தக் கட்டங்களையும் காண்கிறார். பிள்ளைகளை முகாமையே வரையச் சொல்லி அவர் வற்புறுத்தவில்லை என்பது கருதத்தக்கது. பூச்செண்டு, வீட்டு அறை, பழைய ஓவியர்களின் புகழ்பெற்ற படங்களின் அமைப்பு ஆகியவை பயிற்சிகளாகத் தரப்பட்டன. பசியும் சாவும் சூழ்ந்த இடத்தில் பூச்செண்டு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. 1943இல் முகாமிலிருந்த ஆசிரியர்களுக்கு நிகழ்த்திய உரையில் அவர் அதற்கு விடை தந்திருக்கிறார்: எல்லாப் பிள்ளைகளையும் ஓவியர்களாக்குவது வகுப்பின் நோக்கமன்று, அவர்களுக்குள் இருக்கும் ஆக்க ஆற்றலை விடுவித்து, தம் கண்ணால் பார்த்துத் தாமே முடிவெடுக்கும் வலுவைக் காப்பதே நோக்கம் என்பது அவ்வுரையின் சாரம். எதை வெட்டுவது, எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்ற சிறு முடிவுகளைக்கூட எடுக்க உரிமையற்றிருந்த பிள்ளைகளுக்கு, ஒரு தாளின் பரப்பளவுக்காவது அவ்வுரிமை கிடைத்தது.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பாக இருந்தார்: ஒவ்வொரு படத்திலும் அதைச் செய்த பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். மனிதர்களை எண்களாக மாற்றிய ஓர் ஏற்பாட்டுக்குள் இது எவ்வளவு பெரிய செயல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1944 செப்டம்பர் இறுதியில் பாவெல் கிழக்கே அனுப்பப்பட்டார். அவரைத் தேடி அடுத்து வந்த வண்டியொன்றில் தாமாகப் பெயர் கொடுத்து, அக்டோபர் 6ஆம் நாள் டிக்கர் புறப்பட்டார். சில நாட்களில் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். பாவெல் உயிர்பிழைத்தார். புறப்படுமுன் பிள்ளைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கி, எல் 410 என்று எண்ணிடப்பட்ட சிறுமியர் விடுதியில் மறைத்துவைத்திருந்தார். போர் முடிந்தபின், அவ்விடுதிப் பொறுப்பாளர்களுள் ஒருவராயிருந்த வில்லி குரோக் 1945 ஆகஸ்டில் அப்பெட்டிகளைப் பிராக் யூதச் சமூகத்திடம் கொண்டுசேர்த்தார். ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. அவற்றைச் செய்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் உயிரோடில்லை; அவர்கள் இருந்ததற்கான சான்றாகப் பலருக்கு அந்தத் தாளும் அதன் மூலையிலுள்ள பெயருமே எஞ்சின. பிராக் யூத அருங்காட்சியகம் அவற்றைக் காத்துவருகிறது; பின்காஸ் தொழுகைக்கூடத்தில் அவற்றின் ஒரு பகுதி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

டிக்கரின் முறை அவரோடு அழியவில்லை. வியன்னாவிலும் பிராகிலும் அவரிடம் பயின்று, அகதிக் குழந்தைகளின் வகுப்புகளில் உதவிய எடித் கிராமர் 1938இல் நியூயார்க்கை அடைந்தார். மனக்காயமுற்ற சிறுவர்களுக்கான பள்ளியொன்றில் பல ஆண்டுகள் உழைத்து, 1958இல் தம் முதல் நூலை வெளியிட்ட அவர், கலைவழிச் சிகிச்சை என்று இன்று வழங்கும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். கலைவழிச் சிகிச்சை என்பது, சொல்ல முடியாததையோ சொல்ல விரும்பாததையோ பயிற்சி பெற்றவர் துணையோடு கைவேலையின் வழியே வெளிக்கொணர்ந்து, மனத்தை மெல்ல ஆற்றுப்படுத்தும் முறை.

இத்துறையில் ஒட்டுச்சித்திரம் விரும்பிக் கையாளப்படுவதற்கு நடைமுறைக் காரணங்கள் பல உண்டு. ஓடிவந்த குழந்தைக்கு வெற்றுத்தாள் அச்சமூட்டும். வரையத் தெரியாது என்று ஒதுங்கும் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூடக் குவிந்து கிடக்கும் படங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தயங்காது. தேர்ந்தெடுத்ததை ஒட்டாமல் வெறுமே வைத்துப் பார்க்கலாம், நகர்த்தலாம், எடுத்தும்விடலாம். பசை தடவும்வரை எதுவும் இறுதியன்று. தவறாக வரைந்துவிட்டோம் என்ற வெட்கத்துக்கு இதில் இடமில்லை. மொழி தெரியாத நாட்டில், ஆசிரியரும் பிள்ளையும் ஒரு சொல்லும் பேசாமலே மேசையின் இருபுறமும் வேலை செய்ய முடியும். கிழிப்பதற்கே ஒரு பயன் உண்டு என்பதைக் குழந்தைகளோடு பழகியோர் அறிவர். சினமுற்ற கைக்குத் தாளைக் கிழிக்க அனுமதி தருவதும், கிழிந்ததை வைத்தே ஒன்றைக் கட்டலாம் என்று காட்டுவதும் ஒரே அமர்வில் நடந்துவிடுகின்றன.

இடர்களும் உண்டு. பழைய செய்தித்தாள்களை அப்படியே குவித்துவைத்தால், குண்டுவெடிப்புப் படமோ படைவண்டியோ எதிர்பாராமல் குழந்தையின் கையில் அகப்பட்டு அடங்கிக்கிடந்த அச்சத்தைக் கிளறிவிடக்கூடும். ஆதலால் தாள்களை முன்னரே பார்த்து ஒதுக்குவது நடத்துபவரின் முதல் வேலை. அதற்காகப் பூவும் பறவையும் மட்டுமே வைப்பதும் தவறு, ஏனெனில் இருட்டைச் சொல்ல விரும்பும் பிள்ளைக்குக் கறுப்புத்தாளும் வேண்டும். ஒட்டிய படத்தைப் பார்த்து, இது குண்டுவீச்சுதானே, இது செத்துப்போன அப்பாதானே என்று கேட்டுப் பொருள் பிடுங்கும் பார்வையாளர்கள், உதவ வந்தவர்களாயினும், கேடே செய்கின்றனர்.

ஈழத்துப் போர்ச்சூழலிலும் சிறாரின் கைக்கே கலையைக் கொடுத்த முயற்சி உண்டு. மட்டக்களப்பில் 1996இல், கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் உள்ளூர்த் தொண்டர்களோடு தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் தீண்டிய தமிழ், முஸ்லிம் சிறாரை ஒருங்கே அழைத்துக் களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றில் ஈடுபடுத்தியது. பெரியவர்களின் நினைவைத் தாள்மேல் தாளாக அடுக்கிய முயற்சிக்கு, யாழ்ப்பாணக் கலைஞர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு நூல் எடுத்துக்காட்டு. தோம்பு என்பது ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலிருந்து வழங்கும் நிலவுரிமைப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைய, அதன்மேல் கட்டடக்கலைஞரின் அளவு வரைபடமும் ஓவியரின் சித்திரமும் அடுக்காக அமைந்தன. துல்லியமான ஒட்டுச்சித்திரம் என்று அதைக் கூற முடியாதெனினும், அகதியே தன் வீட்டின் முதற்கோட்டைப் போட வேண்டும் என்ற கொள்கை அதிலும் உண்டு.

இனி, செய்த படங்களைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வது பற்றிய கேள்வி எஞ்சுகிறது. டிக்கர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதச் செய்தார். இன்றோ, அடைக்கலம் தேடும் குழந்தைக்கும் அகதிக் குழந்தைக்கும் பழிவாங்கலோ தீங்கோ நேரக்கூடும் என்ற நிலையில், அவர்களின் பெயரை மாற்றி முகத்தை மறைத்தே வெளியிட வேண்டும் என்று யுனிசெஃபின் நெறிமுறைகள் கூறுகின்றன. இரண்டும் முரண்போல் தோன்றினாலும் நோக்கம் ஒன்றே; குழந்தையின் பெயர் குழந்தைக்கு உரியது, அது எழுதப்படுவதும் மறைக்கப்படுவதும் அதன் நலனுக்காகவே இருக்க வேண்டும். ஒட்டுச்சித்திரம் இங்கே ஒரு வசதி செய்துதருகிறது. முகத்தைக் காட்டாமல், தன் கை தேர்ந்த துணுக்குகளின் வழியே ஒரு குழந்தை உலகத்தோடு பேச முடிகிறது. ஒளிப்படத்தால் அது இயலாது.

தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர்க்கான மறுவாழ்வு முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் வாழ்வோருள் பலர் இங்கேயே பிறந்தவர்கள். உலகின் பிற முகாம்களைப் பற்றியோ இவற்றைப் பற்றியோ மாணவர் கண்காட்சி நடத்த விரும்பும் பள்ளிகளும் அமைப்புகளும் சிலவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளட்டும். இணையத்தில் கிடைத்த அழுகின்ற முகங்களை வெட்டி ஒட்டும் போட்டியாக அதை ஆக்க வேண்டாம். முகாம் பிள்ளைகள் பங்கேற்பதாயின், எந்தப் படத்தைக் காட்டலாம் என்பதை அவர்களும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். கண்காட்சிக்கு வருவோர் கண்ணீரோடு திரும்பிவிடாமல், மாதந்தோறும் செய்யக்கூடிய ஏதேனும் ஒரு பணியில் பெயர் பதிந்து செல்ல வாயிலருகே ஒருவரை அமர்த்துங்கள். நகல்களைச் சுவரில் மாட்டுங்கள். மூலப் படத்தை அதைச் செய்த பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.